ஒரே கணினியில் இரண்டு வன்தட்டுகள், இரண்டிலும் விண்டோஸ் 11: எப்படி நிறுவுவது?

அச்சுக்கூடம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிறிய டிடிபி நிலையத்தில் உள்ள மேசைக் கணினியில் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸ் 11 புரோ இயங்கி வருகிறது. இப்போது 1 டிபி கொள்ளளவுள்ள இன்னொரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கியிருக்கிறேன். அதிலும் அதே விண்டோஸ் 11-ஐ நிறுவி, இரண்டையும் வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்படுத்த விரும்புகிறேன். பழையதில் பக்க வடிவமைப்பு மட்டும் நடக்கும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும், அவற்றுக்கான விசைப்பலகை மென்பொருளும், பிரிண்டர் டிரைவர்களும் அதில் ஒருவாறு ஒத்துப்போய் நிலைத்திருப்பதால் அதை இணையத்தில் இணைக்காமல் அப்படியே விட்டுவிட நினைக்கிறேன். மின்னஞ்சல், ஜிஎஸ்டி பில், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் ஆகிய எல்லாம் புதியதில் நடக்கும்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. விண்டோஸ் பென்டிரைவைச் செருகி, நிறுவும்போது இரண்டாவது வட்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா? பின்னாளில் ஒரு வட்டு பழுதானால் மற்றது எந்தத் தடையுமின்றித் தானாக இயங்குமா? ஒரே உரிமத்தில் இரண்டும் ஆக்டிவேட் ஆகுமா?

பழுதுநோக்கி

உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் ஐயத்துக்கான விடையும் அதில்தான் இருக்கிறது. இரண்டு வட்டுகளும் கணினியில் இணைந்திருக்கும் நிலையில், நிறுவும் திரையில் இரண்டாவது வட்டைத் தேர்ந்தெடுத்து விண்டோஸை நிறுவினால், விண்டோஸ் என்னும் கோப்புறை இரண்டாவது வட்டுக்குப் போகும். ஆனால் கணினியைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் பெரும்பாலும் முதல் வட்டில்தான் எழுதப்படும்.

யூஇஎஃப்ஐ என்ற இன்றைய தொடக்க முறையைப் பின்பற்றும் கணினியில், ஃபேட்32 வடிவமைப்பில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதி ஒன்று இருக்க வேண்டும். விண்டோஸ் நிறுவி வழக்கமாக அதை 100 எம்பி அளவில் உருவாக்குகிறது. மதர்போர்டு முதலில் படிப்பது இந்தப் பகுதியைத்தான். எந்த வட்டில் எந்தப் பகுதியில் விண்டோஸ் உள்ளது என்ற குறிப்பும் இங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு வட்டில் இந்தப் பகுதி இருப்பதை நிறுவி கண்டால், இரண்டாவது வட்டில் புதிதாக ஒன்றை உருவாக்காமல் இருப்பதிலேயே தன் குறிப்பைச் சேர்த்துவிடுகிறது. அதன் பிறகு கணினியைத் தொடங்கும்போது இரண்டு விண்டோஸ்களையும் காட்டும் பட்டியல் வரும். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்றே தோன்றும். முதல் வட்டு பழுதாகும் நாளில்தான், அல்லது அதைக் கழற்றும் நாளில்தான், இரண்டாவதும் தொடங்காது என்பது தெரியவரும். இப்படிப்பட்ட கணினிகள் எங்கள் கடைக்கு அடிக்கடி வருகின்றன. புதிய எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று எண்ணி அதை மாற்றித் தரும்படி கேட்பவர்களும் உண்டு. வட்டில் எந்தக் குறையும் இருக்காது; அதைத் தொடங்கிவைக்கும் கோப்புகள்தான் அலமாரியில் கிடக்கும் பழைய வட்டோடு போயிருக்கும்.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை இது. கணினியை அணைத்து, மின்இணைப்பை எடுத்துவிட்டு, பழைய எஸ்எஸ்டியின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். புதிய வட்டு மட்டும் இணைந்திருக்கும் நிலையில் விண்டோஸை நிறுவி, அது தானாகத் தொடங்குவதை உறுதிசெய்துகொண்ட பிறகு பழையதை மீண்டும் இணையுங்கள். இரண்டு வட்டுகளுக்கும் தனித்தனி ஈஎஃப்ஐ பகுதி இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

அச்சுக்கூடம்

மிக்க நன்றி. அப்படி நிறுவினால் தொடங்கும்போது தேர்வுப் பட்டியல் வராது என்று புரிந்துகொள்கிறேன். பிறகு எதைத் தொடங்குவது என்பதை எங்கே தேர்ந்தெடுப்பது? பழைய வட்டைத் திரும்ப இணைத்ததும் அதை மதர்போர்டு மறந்திருக்குமா?

பழுதுநோக்கி

மதர்போர்டின் பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். கணினி உயிர்பெறும் தருணத்தில் ஒரு விசையை அழுத்தினால் அது வரும். டெல், லெனோவோ, கிகாபைட் ஆகியவற்றில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் மதர்போர்டுகளில் எஃப்8, எம்எஸ்ஐ, ஆஸ்ராக் ஆகியவற்றில் எஃப்11. அங்கே விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் இரண்டு முறை தெரியும். பக்கத்தில் உள்ள வட்டின் மாடல் பெயரைக் கொண்டு வேறுபடுத்திக்கொள்ளலாம். அதிகம் பயன்படும் வட்டைப் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) முதலாவதாக வைத்துவிட்டால், மற்றது தேவைப்படும்போது மட்டும் விசையை அழுத்தினால் போதும்.

வட்டைக் கழற்றியதும் அதற்கான பதிவைச் சில மதர்போர்டுகள் நீக்கிவிடுவது உண்மைதான். ஆனால் விண்டோஸ் தன் தொடக்கக் கோப்பின் நகல் ஒன்றை, எந்தப் பதிவும் இல்லாவிட்டாலும் மதர்போர்டு தேடிப் பார்க்கும் பொது இடத்திலும் வைத்திருப்பதால், திரும்ப இணைத்ததும் பெரும்பாலும் வட்டு தானாகவே பட்டியலில் வந்துவிடும்.

தேர்வுப் பட்டியலைவிட இந்த முறை எனக்கு உகந்ததாகத் தோன்ற இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 8 முதல் வரும் நீல நிறத் தேர்வுத் திரை, இயல்பாக உள்ள விண்டோஸைப் பாதியளவு ஏற்றிய பிறகே தோன்றுகிறது. மற்றதைத் தேர்ந்தெடுத்தால் கணினி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் விண்டோஸ் 11 என்ற ஒரே பெயரில் இருக்கும்போது எது எது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

நகலகம்

இவ்வளவு சுற்றிப்போக வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. இவருடைய கணினியில் எழுத்துருக்கள், டிரைவர்கள் எல்லாம் ஒத்துப்போய் நிலைத்திருக்கின்றன என்கிறார். அப்படியே முழு வட்டையும் குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டால், ஈஎஃப்ஐ பகுதியும் சேர்ந்தே வந்துவிடும். தொடக்கக் கோப்புச் சிக்கலும் எழாது. புதிதாக நிறுவி ஒவ்வொரு மென்பொருளாக மறுபடி ஏற்றுவதைக் காட்டிலும் இது எளிது.

பழுதுநோக்கி

பழைய வட்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் புதியதை வைப்பவருக்கு நகலெடுப்பதே சிறந்த வழி. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் தொடர்ந்து வைத்திருக்கப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வட்டுக்கு ஓர் அடையாள எண் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அடையாள எண் உண்டு. முழு வட்டையும் நகலெடுக்கும்போது இவை எல்லாமே இரட்டையாகிவிடுகின்றன. விண்டோஸ் ஒரே அடையாளமுள்ள இரண்டு வட்டுகளைக் கண்டால் அவற்றுள் ஒன்றை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவைத்துவிடும். பயனர் அதை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சென்று ஆன்லைன் ஆக்கினால், அந்த வட்டுக்கு விண்டோஸ் புதிய அடையாள எண் கொடுக்கிறது. அப்போது அந்த வட்டில் உள்ள தொடக்கக் குறிப்புகள் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருப்பதால் அந்த விண்டோஸ் தொடங்காமல் போக வாய்ப்புண்டு.

இதைவிட மறைவான தொல்லை ஒன்றும் இருக்கிறது. நகலெடுத்த கையோடு இரண்டு வட்டுகளையும் இணைத்தபடியே கணினியைத் தொடங்கினால், சி, டி போன்ற எந்த எழுத்து எந்தப் பகுதிக்கு உரியது என்ற பதிவும் நகலில் சேர்ந்தே இருப்பதால், நகல் விண்டோஸ் மூல வட்டின் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடும். பயனர் நகலில் வேலை செய்வதாக எண்ணிக்கொண்டு மூலத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

நகலகம்

நகலெடுத்தபின் முதல் முறை மூல வட்டைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது நகலெடுப்பவர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடையாள எண்ணை மாற்றியபின் தொடக்கக் குறிப்புகளை பிசிடிபூட் கட்டளையால் மறுபடி எழுதிக்கொள்ளவும் முடியும். எனவே முடியாத காரியம் என்று சொல்லிவிட வேண்டாம். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இவருடைய இரண்டாவது விண்டோஸில் வடிவமைப்பு மென்பொருள்களே தேவையில்லை. பில்லுக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் என்றால், பழைய சுமை அத்தனையையும் நகலெடுத்துக் கொண்டுவருவதில் பொருளில்லை.

மேலும் ஒரு செய்தி. பழைய வட்டை ஒரு படிமமாக (முழு வட்டின் நகலைக் கொண்ட கோப்பாக) வெளி வன்தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு விண்டோஸை மாறாமல் வைத்திருப்பதே உங்கள் நோக்கம் என்றால், அதைக் காப்பாற்றப் போவது அந்தப் படிமம்தான். இரண்டாவது வட்டில் வேறு வேலைக்காக நிறுவிய விண்டோஸ் அந்த வேலையைச் செய்யாது.

மென்பொருள்வாசி

உபுண்டு பயன்படுத்துகிறவன் என்ற முறையில் இதோடு சேர்த்து ஒன்றைப் பதிவு செய்கிறேன், ஏனெனில் இதே கேள்வியோடு இந்த இழைக்கு வரும் லினக்ஸ் பயனர்களும் இருப்பார்கள். இரண்டு வட்டுகளில் இரண்டு உபுண்டு நிறுவினால் நிலைமை விண்டோஸைவிடச் சற்று மோசம். விண்டோஸாவது இருக்கும் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு உபுண்டுகள் ஒரே ஈஎஃப்ஐ பகுதியைப் பகிர்ந்துகொண்டால், இரண்டும் உபுண்டு என்ற ஒரே கோப்புறையில் எழுதுகின்றன. பிந்தியது முந்தியதன் குரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்புக் கோப்பை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிடுகிறது. கோப்புறையின் பெயரை மாற்றி குரப்பை நிறுவலாமே என்று சிலர் சொல்வார்கள். கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டுக்காகக் கையொப்பமிடப்பட்ட உபுண்டுவின் குரப், தன் அமைப்புக் கோப்பை உபுண்டு என்ற கோப்புறையில்தான் தேட வேண்டும் என்பதைத் தனக்குள்ளேயே கொண்டிருப்பதால், பெயரை மாற்றுவது மட்டும் பயன் தராது. வட்டுக்கு ஒன்றாக இரண்டு ஈஎஃப்ஐ பகுதிகள் வைப்பதே நேரான வழி.

குரப் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் வசதி இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. ஆகவே இரண்டாவது உபுண்டு பட்டியலில் வரவில்லை என்றால் நிறுவல் தோற்றுவிட்டது என்று பொருளல்ல. லினக்ஸில் வட்டை நகலெடுத்தவர்கள் பகுதியின் அடையாள எண்ணான யூயுஐடியைக் கட்டாயம் மாற்ற வேண்டும். எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பும் குரப்பும் அந்த எண்ணைக் கொண்டே லினக்ஸ் உள்ள மூலப் பகுதியைத் தேடுகின்றன. இரண்டு வட்டுகளிலும் ஒரே எண் இருந்தால் எது கிடைக்கும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். கோப்பு முறைமை எக்ஸ்ட்4 என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் புதிய எண் கொடுத்துவிட்டு, அந்த வட்டின் எஃப்எஸ்டாப்பிலும் குரப் அமைப்பிலும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரே எண்ணுள்ள இரண்டு வட்டுகளை ஒருசேர இணைக்கவே கூடாது. கோப்பு முறைமையே சிதைந்துபோகும் அபாயம் அங்கே இருக்கிறது.

மடிக்கணினியாளர்

கேபிளைக் கழற்றுவது மேசைக் கணினிக்குச் சரி. என் மடிக்கணினியில் இரண்டு எம்.2 எஸ்எஸ்டிகள் உள்ளன. அடிமூடியைத் திறந்து ஒன்றைக் கழற்றினால் உத்தரவாதத்துக்குக் கேடு வருமோ என்று அஞ்சுகிறேன். பயாஸில் ஒரு வட்டை மட்டும் நிறுத்திவைக்கும் வசதியும் இல்லை. வேறு வழி உண்டா?

பழுதுநோக்கி

உண்டு, ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்வேன். விண்டோஸ் நிறுவித் திரையில் ஷிப்ட், எஃப்10 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அங்கே வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் மூலம் இரண்டாவது வட்டை யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றி, 260 எம்பி அளவில் ஓர் ஈஎஃப்ஐ பகுதியும், 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கீட்டுப் பகுதியும், எஞ்சிய இடத்தில் விண்டோஸுக்கான பகுதியும் உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு பென்டிரைவில் உள்ள விண்டோஸ் படிமத்தை டிஐஎஸ்எம் கட்டளையால் நேரடியாக அந்தப் பகுதியில் விரித்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையில் இரண்டாவது வட்டின் ஈஎஃப்ஐ பகுதிக்குரிய எழுத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டுத் தொடக்கக் கோப்புகளை எழுதச் செய்யுங்கள். நிறுவியே எங்கே எழுதுவது என்று முடிவு செய்ய விடாமல் நாமே சொல்லிவிடுகிறோம் என்பதுதான் இதன் சாரம்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. டிஸ்க்பார்ட்டில் தவறான வட்டைத் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்துவிட்டால் பழைய தரவு முழுவதும் போய்விடும். இரண்டு வட்டுகளும் ஒரே கொள்ளளவாக இருந்தால் வட்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; விவரக் கட்டளையால் மாடல் பெயரைப் பார்த்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

ஏற்கெனவே இரண்டு வட்டுகளையும் இணைத்தபடி நிறுவிவிட்டவர்களும் இதே பிசிடிபூட் மூலம் நிலைமையைச் சீர்செய்யலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து இரண்டாவது வட்டில் ஈஎஃப்ஐ பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் விண்டோஸ் பகுதியைச் சற்றே சுருக்கி இடம் உண்டாக்கி, அதில் ஈஎஃப்ஐ பகுதியை அமைத்து, அங்கே தொடக்கக் கோப்புகளை எழுதிவிடலாம். மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

உரிமநோக்கர்

மூன்றாவது கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் வட்டோடு பிணைக்கப்பட்டதன்று. கணினியின் வன்பொருளோடு, குறிப்பாக மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது. ஆகவே அதே கணினியில் அதே புரோ பதிப்பை வேறொரு வட்டில் நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் கீ எதுவும் கேட்காமல் ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஆனால் ஆக்டிவேட் ஆவது வேறு, அனுமதிக்கப்படுவது வேறு. மைக்ரோசாஃப்ட்டின் உரிம ஒப்பந்தம் ஒரு கணினியில் ஒரு நிறுவலை வைத்துப் பயன்படுத்தவே அனுமதி தருகிறது. வீட்டில் சோதனைக்காக நிறுவிப் பார்ப்பவர் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பது வேறு செய்தி. நீங்கள் வணிக இடத்தில், இரண்டையும் நிலையாகப் பயன்படுத்தப் போகிறீர்கள்; இரண்டாவது உரிமம் வாங்கி, அதன் கீயைப் புதிய விண்டோஸில் கொடுத்துவிடுவதே முறை.

மாற்றுவழி

எல்லாரும் இரண்டு வட்டு என்பதிலேயே நிற்கிறீர்கள். புரோ பதிப்பில், விண்டோஸுக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்கும் ஹைப்பர்-வி இருக்கிறது. மின்னஞ்சலுக்கான விண்டோஸை அதற்குள் மெய்நிகர் கணினியாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அணைத்துத் தொடங்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாமே?

அச்சுக்கூடம்

அந்த யோசனையையும் எண்ணிப் பார்த்தேன். கணினியில் 8 ஜிபி ரேம் மட்டுமே உள்ளது. பெரிய பக்கங்களைத் திறந்திருக்கும்போது அதுவே திணறுகிறது. மேலும் மெய்நிகர் கணினிக்கு இணையம் தேவை என்றால், அதைத் தாங்கும் வடிவமைப்பு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும். நான் தவிர்க்க விரும்புவது அதைத்தான். ஒரு நாளில் காலையில் பில், பிற்பகலில் வடிவமைப்பு என்று எங்கள் வேலை தானாகவே பிரிந்திருப்பதால் அணைத்துத் தொடங்குவது எங்களுக்குச் சுமையில்லை.

நகலகம்

இணையத்தைத் தவிர்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வடிவமைப்பு விண்டோஸ் இணையத்தில் இணையாதிருப்பது மட்டும் அதன் வட்டைக் காப்பாற்றாது. நீங்கள் மின்னஞ்சல் விண்டோஸில் இருக்கும்போது, பழைய வட்டு அங்கே இன்னொரு எழுத்தில் திறந்தே கிடக்கும். 2017 மே மாதத்தில் பரவிய வானாகிரை போன்ற பணப்பறிப்பு நச்சுநிரல்கள் இணைந்திருக்கும் வட்டுகள் அனைத்திலும் உள்ள கோப்புகளைப் பூட்டின. எது எந்த விண்டோஸுக்கு உரியது என்று அவை பார்ப்பதில்லை. வாடிக்கையாளரின் பென்டிரைவ் எந்தப் பக்கம் செருகப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய வட்டின் எழுத்தை நீக்கிவிடுவது கைதவறி அழிப்பதைத் தடுக்கும். தீய நிரலைத் தடுக்காது. உங்களிடம் புரோ பதிப்பு இருப்பதால் வடிவமைப்பு வட்டுக்கு, அதை மறைக்குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இடுங்கள். மற்ற விண்டோஸிலிருந்து பார்த்தால் அது பூட்டிய வட்டாக மட்டுமே தெரியும். உள்ளிருக்கும் கோப்புகளை எந்த நிரலாலும் படிக்க முடியாது. வட்டையே அழித்து ஃபார்மட் செய்யும் தீமையை அதனாலும் தடுக்க முடியாது என்பதால்தான் வெளி வன்தட்டில் படிமம் வேண்டும் என்றேன். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் ஏதேனும் மாற்றினால் சில வேளைகளில் அது கேட்கப்படும்.

பழுதுநோக்கி

நகலகத்தார் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். அதோடு, இரண்டு விண்டோஸிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திவிடுங்கள். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த இந்த வசதி இருக்கும்போது, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அதன் கருப்பகுதி உறக்க நிலையில் வட்டில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. இடையில் மற்ற விண்டோஸ் அந்த வட்டுகளில் எதையாவது எழுதியிருந்தால், எழுந்துவரும் விண்டோஸ் தன் நினைவில் உள்ள பழைய நிலையை நம்பிச் செயல்படும். கோப்புகள் சிதைய அதுவே போதும். வட்டு மாற்றித் தொடங்கும் போதெல்லாம் வட்டுப் பிழைகளைத் தேடும் செக்டிஸ்க் ஓடுகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து பவர்சிஎஃப்ஜி மூலம் ஹைபர்நேட்டையே நிறுத்திவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். வட்டில் சில ஜிபி இடமும் மிஞ்சும்.

ஒரு விண்டோஸிலிருந்து மற்றதன் பயனர் கோப்புறையைத் திறக்க முயன்றால் அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்கும். தொடரச் சொன்னால் அந்தக் கோப்புறையின் அனுமதி அமைப்பே மாறிவிடும். பொதுக் கோப்புகளுக்கு 1 டிபி வட்டில் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

அச்சுக்கூடம்

அனைவரும் சொன்னபடி முடித்துவிட்டேன். பழைய வட்டின் படிமத்தை வெளி வன்தட்டில் எடுத்துக்கொண்டு, கேபிளைக் கழற்றிவிட்டுப் புதியதில் நிறுவி, இரண்டாவது உரிமத்தின் கீயையும் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு வட்டையும் தனியாக இணைத்துத் தொடங்கிப் பார்த்தேன்; இரண்டும் மற்றதன் துணையின்றித் தொடங்குகின்றன. பூட் மெனுவிலும் இரண்டு பெயர்களும் மாடல் எண்ணோடு தெளிவாகத் தெரிகின்றன.

ஒரே ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. புளூடூத் விசைப்பலகையைப் புதிய விண்டோஸில் இணைத்தால் பழையதில் வேலை செய்வதில்லை; பழையதில் மறுபடி இணைத்தால் புதியதில் வேலை செய்வதில்லை.

பழுதுநோக்கி

அது பழுதன்று. உங்கள் கணினியின் புளூடூத் முகவரி இரண்டு விண்டோஸுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் ஒரு புதிய இரகசிய எண் உருவாகிறது. விசைப்பலகை கடைசியாகப் பெற்ற எண்ணை மட்டுமே நினைவில் வைத்திருப்பதால், மற்ற விண்டோஸிடம் உள்ள பழைய எண் செல்லாமல் போகிறது. ஒரு விண்டோஸின் பதிவேட்டிலிருந்து அந்த எண்ணை எடுத்து மற்றதன் பதிவேட்டில் எழுதும் முறை இருக்கிறது. விசைப்பலகை ஒன்றுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். யூஎஸ்பி கம்பி உள்ள விசைப்பலகையையோ, தனி யூஎஸ்பி டாங்கிளோடு வரும் கம்பியில்லா விசைப்பலகையையோ பயன்படுத்துங்கள். பூட் மெனுவுக்கான விசையை அழுத்தவும் அதுதான் உதவும், ஏனெனில் பெரும்பாலான மதர்போர்டுகள் அந்த நேரத்தில் புளூடூத்தை அறிவதில்லை.